தாலாட்டு யானையின் இறக்கை

1. ஆடிய பேரன்

அந்தத் திங்கட்கிழமை காலையில் வண்ணாரப்பேட்டை பொம்மை மொத்த வியாபாரி தேவேந்திரன் திருவொற்றியூரில் இருந்த எங்கள் யூனிட்டுக்குள் நுழைந்தார். ஒரு கையில் நாங்கள் செய்து கொடுத்த யானை பொம்மை. இன்னொரு கையில் ஒன்றேகால் வயதுப் பேரன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேரனை என் மேஜை மேல் நிறுத்தினார், யானையின் வாலை நாலு சுற்றுத் திருகினார், கீழே வைத்தார்.

யானை பாட ஆரம்பித்தது. பேரன் ஆட ஆரம்பித்தான். முழங்காலை மடக்கி மடக்கி, கையைத் தட்டி, நடுவில் இடுப்பை வேறு ஒரு வெட்டு வெட்டினான். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஏழு பேரும் சிரித்துவிட்டோம்.

"சிரிக்காதீங்க" என்றார் தேவேந்திரன். "அட்டைல இன்னா எழுதிக்கீது? படிங்க."

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியும். 'இனிய தாலாட்டு. ஐந்தே நிமிடத்தில் ஆழ்ந்த உறக்கம்.' எங்கள் முதலாளி தங்கதுரை அண்ணாச்சி தானே யோசித்து எழுதிய வாசகம் அது.

"இவன் தூங்குறதுக்கோசரம் தொட்டில்ல கட்டுனோம். தூங்கிகினு இருந்தவன் எந்திரிச்சி ஆட்றான். தோ பாரு" என்று போனை எடுத்து எங்களிடம் நீட்டினார். "இது எம்.கே.பி. நகர். இது மணலி புதுநகர். இது ரெட்டக் கொயந்த, ரெண்டும் ஆடுது. வாங்குனவங்க எல்லாம் வீடியோ அனுப்பி என்னை பேஜார் பண்றாங்க."

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எந்தப் புகாரையும் முதலில் சமாதானமாகத்தான் பார்ப்பார். ஆடிக்கொண்டிருந்த பேரனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை சந்தோஷமாத்தானே இருக்கான்?" என்றார்.

அது தப்பான பதில். தேவேந்திரன் முகம் சிவந்துபோயிற்று. "வெள்ளிக்கிழமை வருவேன். என் மருமவளையும் இவனையும் இட்டுகினு வருவேன். இங்கயே, உங்க கண்ணு முன்னாடி, இவன் தூங்கணும். தூங்கலன்னா குடோன்ல கீற தொள்ளாயிரம் யானையும் உங்க வாசல்ல வந்து எறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேரன் தோள்மேல் திரும்பி எங்களுக்கு டாட்டா காட்டினான்.

அவர் போனதும் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரக்கு திரும்பி வந்துச்சுன்னா இந்த ஷெட்டுல வெங்காய குடோன் போட்டுருவேன், பாத்துக்கிடுங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஏழு பேர் வேலையும் அந்தப் பேரனின் தூக்கத்தில் தொங்கியது.

அதைவிட எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் 'ஓகே - மேரி' என்று முத்திரை இருக்கும். அந்த மேரி நான்தான்.

2. வாலிலிருந்து சீப்பு வரை

நான் ராயபுரம். எண்ணூரில் பிரஷர் கேஜ் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் இருந்தேன். அதை மூடிய பிறகுதான் அண்ணாச்சியிடம் செக்கிங் வேலைக்கு வந்தேன். போன வருஷம் ஓய்வு பெறும்வரை அங்கேதான். பொம்மை செய்யும் இடத்துக்கு வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பதால் இதை எழுதுகிறேன். அதனால் முதலில் யானையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

யானைக்கு வால்தான் சாவி. வாலைத் திருகினால் உள்ளே ஒரு டப்பிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங் இறுகிச் சுருளும். எதிர்ப்பக்கமாகத் திருகினால் வால் மரை கழன்று கையோடு வந்துவிடும். வால் மட்டும் தபாலில் திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு.

சுருண்ட ஸ்பிரிங் விரியப் பார்க்கும். அந்தப் பலத்தில் ஒரு சின்ன டிரம் சுற்றும். டிரம் மேல் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாகப் பின்கள் இருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எஃகுத் தகடு. அதைச் சீப்பு என்போம். பார்க்கவும் சீப்புதான். எங்கள் யானைக்குப் பதினெட்டு பல். நீளமான பல் கனத்த குரல், குட்டைப் பல் கீச்சுக் குரல். டிரம் சுற்றும்போது ஒவ்வொரு பின்னும் ஒரு பல்லை நெம்பித் தூக்கி விடும். பல் அதிரும். அதுதான் சத்தம். எந்தப் பின் எங்கே நிற்கிறது என்பதுதான் பாட்டு.

இதில் ஒரு சிக்கல். ஸ்பிரிங்குக்குப் பொறுமை கிடையாது. விட்டால் மொத்த பலத்தையும் ஒரு நொடியில் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் டிரம்மிலிருந்து கியர் கியராக வேகத்தை ஏற்றிக்கொண்டுபோய், கடைசியில் ஒரு மெல்லிய திருகு ஆணியைச் சுற்ற வைத்திருப்பார்கள். அந்த ஆணியின் மேல் இரண்டு குட்டி இறக்கை. இறக்கை காற்றை அடித்துக்கொண்டே சுற்றும். காற்று அதைத் தடுக்கும். அந்தத் தடையால்தான் பாட்டு நிதானமாக வரும். எண்ணூர் கடற்கரையில் மடக்கிய குடையோடு ஒரு தரம் ஓடிப் பாருங்கள், அப்புறம் விரித்த குடையோடு ஓடிப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

பாட்டின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஏதோ வெளிநாட்டுத் தாலாட்டு. துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த சரக்கை ஏலம் விட்டபோது, இந்த மெக்கானிசம் ஆயிரத்து இருநூறு இருந்த பெட்டியை அண்ணாச்சி எடுத்து வந்தார். நான் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் கேட்டேன். பல் உடைந்திருக்கிறதா, வால் திரும்புகிறதா, பாட்டு முழுசாக ஓடுகிறதா, இவ்வளவுதான் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து யானைக்குக் கண் ஒட்டும் கஸ்தூரி, "மேரிக்கா, பாட்டு சோக்கா கீது, குத்துப் பாட்டு கணக்கா" என்று முதல் நாளே சொன்னாள். நான் அவளைப் பேசாமல் வேலையைப் பார் என்றேன். நூறு யானை அதே வேகத்தில் பாடினால், நூற்றொன்றாவது யானை பாடும் வேகம்தான் சரி என்று காது நம்பிவிடுகிறது.

3. கிரீஸும் பறந்த பல்லும்

பழைய சரக்கில் நல்ல மெக்கானிசம் ஒன்றைச் சாம்பிளாக வைத்திருந்தேன். திங்கள் மத்தியானம் அதையும் புதிய சரக்கில் ஒன்றையும் போன் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடவிட்டேன். சாம்பிளில் டிரம் ஒரு சுற்றுச் சுற்ற பதினெட்டு நொடி. புதிய சரக்கில் ஏழு நொடி. குழந்தைகள் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் ஆடியிருப்பேன்.

"வேகத்தைக் குறைக்கணும், அம்புட்டுத்தானே? கிரீஸைப் போடுங்க" என்றார் அண்ணாச்சி. அவரே போய்ப் பக்கத்து லேத் பட்டறையிலிருந்து லாரிக்குப் போடும் கிரீஸ் வாங்கி வந்தார். கியரில் தடவினோம். யானை கம்மென்று ஆகிவிட்டது. வாலைத் திருகினால் உள்ளே ஒரு முனகல் மட்டும் வந்தது.

"பாத்தீங்களா, குறைஞ்சிருச்சு" என்றார்.

மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில் தகரக் கூரை காய்ந்ததும் கிரீஸ் இளகியது. முந்தின நாள் திருகி வைத்த யானைகள் ஒவ்வொன்றாகத் தானே விழித்துக்கொண்டு பாடத் தொடங்கின. வயிற்றிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டே பாடின. கஸ்தூரி ஒரு யானையைத் தூக்கிப் பார்த்து, "ஐய, இன்னாக்கா இது கலீஜா கீது, யானைக்கு வவுத்தால போவுது" என்றாள். அண்ணாச்சி கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து நான் செய்ததைத்தான் இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கோளாறு இறக்கையில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். ஸ்பிரிங் முழுசாக இறுகியிருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கேஜ் பார்த்த கைக்கு அது நினைவில்லை.

இறக்கை கழன்ற நொடியில் டிரம் பேய் பிடித்ததுபோல் சுற்றியது. மொத்தத் தாலாட்டும் 'கிர்ர்ரீ' என்று ஒரே அலறலாக முடிந்தது. பின்கள் சீப்பின் பல்லைப் பிடுங்கி எறிந்தன. ஒரு பல் என் தலைக்கு மேலே பறந்தது. அப்போதுதான் உள்ளே வந்த அண்ணாச்சியின் டீ கிளாஸில் 'டிங்' என்று விழுந்தது.

அண்ணாச்சி டீயை எட்டிப் பார்த்தார். "என்னது இது?"

"பல்லு, அண்ணாச்சி."

"யார் பல்லு?"

"யானையோடது."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, ஷெட்டின் நீள அகலத்தை அடி வைத்து அளக்க ஆரம்பித்தார். வெங்காய மூட்டை எத்தனை அடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

4. முழங்கால்

புதன்கிழமை காலையில் ஸ்பிரிங் முழுசாக ஓய்ந்து நின்ற யானை ஒன்றைத் திறந்தேன். அதன் இறக்கையையும் சாம்பிளின் இறக்கையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புதியது பாதி அகலம்தான் இருந்தது. அச்சுத் தவறியதோ, தகடு மிச்சம் பிடித்தார்களோ, தெரியாது. காற்றைப் பிடிக்க அதற்கு உடம்பு போதவில்லை. அவ்வளவுதான் கோளாறு. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட வந்ததில்லை.

இறக்கையின் மேல் அகலமாக ஏதாவது ஒட்ட வேண்டும். காகிதம் ஒட்டினோம், கடல் காற்று ஈரத்தில் தொய்ந்துவிட்டது. டேப் ஒட்டினோம், சுற்றும் வேகத்தில் பிய்ந்து பறந்தது. தகரம் கனம் அதிகம், ஆணியே வளைந்தது. லேசாகவும் விறைப்பாகவும் ஒரு பொருள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி பீரோ மேல் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த கவர் ஒன்றை எடுத்தாள். உள்ளே ஓர் எக்ஸ்ரே. யாருடைய முழங்காலோ.

"இது எத்தினி வருசமா இங்கியே கெடக்குது. வேணாமா இருக்கும்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்டினேன். எக்ஸ்ரே பிலிம் அந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி ஒட்டினால் பதினோரு நொடி. ஆறு மில்லிமீட்டருக்குப் பதினைந்து. ஒன்பதுக்குப் போனபோது பாட்டு ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கியது. அண்ணாச்சி அந்த யானையைக் கேட்டுவிட்டு, "எழவு வீட்டுல வாசிக்க மாதிரில்லா இருக்கு. பிள்ளை பயந்துரும்" என்றார். ஏழரையில் பதினெட்டு நொடி வந்தது. இரண்டு இறக்கையும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொண்டோம். ஒன்று கொஞ்சம் கனத்தாலும் ஆணி நடுங்கி, பாட்டோடு சேர்ந்து குளவி ரீங்காரம் கேட்கும்.

ஒவ்வொரு துண்டும் விரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு முழங்காலிலிருந்து தொள்ளாயிரம் யானைக்கும் இறக்கை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழு பேரும் வெட்டி, அளந்து, ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்ட ஆரம்பித்தோம். எங்களிடம் மிச்சமிருந்த மெக்கானிசத்தில் வியாழன் மாலைக்குள் அறுபது யானை தயார்.

அப்போதுதான் அண்ணாச்சி பீரோ மேல் துழாவினார்.

"ஏ மேரியம்மா, இங்க என் முழங்கால் எக்ஸ்ரே ஒண்ணு வச்சிருந்தேனே. நாளை கழிச்சு எலும்பு டாக்டர்கிட்ட போகணும். பழசைக் கொண்டுவாங்க, ஒப்பிட்டுப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு."

கஸ்தூரிதான் கடைசியில் ஒரு யானையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, முட்டி இதுக்குள்ள கீது."

"எதுக்குள்ள?"

"இதுல கொஞ்சம் கீது. அந்த அறுவதுலயும் கொஞ்சம் கொஞ்சம் கீது."

அண்ணாச்சி யானையையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வாலைத் திருகிவிட்டார். பாட்டு நிதானமாக, அழகாக வந்தது. ஒரு நிமிஷம் கேட்டார். "நடக்கும்போது என் காலு போடுத சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் போட வெளியே போனார்.

5. வெள்ளிக்கிழமை

தேவேந்திரன் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு வேலை நல்லபடி முடியட்டும் என்று கஸ்தூரி எல்லோருக்குமாகக் கருவாட்டுக் குழம்பும் ஒரு குண்டான் சோறும் கொண்டு வந்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டோம். இரண்டு மணிக்குக் கடைசிச் சோதனை. அறுபது யானையையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, முழுசாகத் திருகி, ஓய ஓய மறுபடி திருகி ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். இறக்கை எதுவும் பிய்கிறதா என்று பார்க்க. லேத் பட்டறையும் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. யானைகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இரண்டே காலுக்கு எல்லா இறக்கையும் சரியாக இருப்பதாக நோட்டில் எழுதியிருக்கிறேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதிய வரி பாதியில் கோணலாக இறங்கி, பக்கத்தின் ஓரம்வரை ஒரே கோடாகப் போயிருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

யாரோ என் காதருகில் 'உஸ்' என்றார்கள். கண்ணைத் திறந்தேன். முதலில் அண்ணாச்சியின் வேட்டி தெரிந்தது. அவர் பின்னால் தேவேந்திரன். ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். எனக்கு இரண்டு பக்கமும் ஆறு பெண்களும் மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி ஒரு யானையைக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தாள். வாசலில் தேவேந்திரனின் மருமகள் பிரியா நின்றிருந்தாள். அவள் தோளில் பேரன். வாய் திறந்திருக்க, எச்சில் வடிய, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சிக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கத்துவதற்காக மூச்சை இழுத்தார். பிரியா விரலை உதட்டில் வைத்தாள். "இப்பதான் கண்ண மூடுனான். யாராச்சும் எழுப்புனீங்க, அப்புறம் நீங்கதான் வெச்சிக்கணும்."

ஆகவே அண்ணாச்சி என்னைக் கிசுகிசுப்பாகத் திட்டினார்.

"சம்பளம் வாங்கிட்டுத் தூங்குதீகளா" என்று உதட்டை மட்டும் அசைத்தார். "கம்பெனியா, சத்திரமா இது."

"உரக்கப் பேசாதீங்க அண்ணாச்சி" என்றேன் நானும் அதே குரலில்.

"நான் எங்க பேசுதேன்? கத்திக்கிட்டுல்லா இருக்கேன்" என்றார், கொசு பறக்கும் சத்தத்தில்.

கஸ்தூரி விழித்து, "ஐயோ, அண்ணாச்சி!" என்று அலறினாள். நான்கு பேர் ஒரே நேரத்தில் 'உஸ்' என்றோம். பேரன் உதட்டைச் சப்பினான். எல்லோரும் சிலையாக நின்றோம். அவன் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கினான்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். தேவேந்திரன் விடுவதாக இல்லை. "இரு இரு" என்று என் காதில் ஓதினார். "இவன் யானையால தூங்குனானா, பைக்குல வந்த அசதில தூங்குனானா, எப்டித் தெரியும்? எழுப்பணும். எழுப்பிட்டுத் திரும்பத் தூங்க வெக்கணும். அதான் டெஸ்ட்டு."

அவர் சொன்னது நியாயம். இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் யார் எழுப்புவது? தேவேந்திரன் பிரியாவைப் பார்த்தார்.

"எழுப்பிக்கங்க மாமா" என்றாள் பிரியா. "மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. எழுப்புனா வூட்டுக்கு நீங்களே தூக்கினு போங்க. ராவெல்லாம் நீங்களே ஆட்டுங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

தேவேந்திரன் கையை நீட்டினார். பேரனின் காலைத் தொடும் தூரத்தில் கை நின்றது. அப்புறம் திரும்பி வந்தது. "சரி. தானா எந்திரிக்கட்டும். நான் குந்திகினு இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு யானைகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

யானைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. நான் கஸ்தூரிக்குக் கண் காட்டினேன். அவள் குனிந்து வரிசையாக ஒவ்வொரு வாலாகத் திருகிக்கொண்டே போனாள். முதல் சுற்றில் தேவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சுற்றில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. மூன்றாவது சுற்று பாதி போனபோது தலை பின்னால் சாய்ந்து, வாய் பேரனுடையதைப் போலவே திறந்துகொண்டது.

பிரியா மாமனாரை உற்றுப் பார்த்தாள். "கல்யாணம் ஆயி மூணு வருசத்துல இவரு பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு பேரனைக் கோணிப் படுதாமேல் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே தானும் படுத்தாள்.

நாலரை மணிக்குப் பேரன்தான் முதலில் எழுந்தான். தாத்தா குறட்டை விடுவதைக் கண்டு கை தட்டிச் சிரித்தான். தேவேந்திரன் திடுக்கிட்டு எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். யானைக்குள் இருப்பது தன் முழங்கால் எக்ஸ்ரே என்று அண்ணாச்சி சொன்னார். தேவேந்திரன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தொள்ளாயிரத்தையும் அனுப்புறேன். எல்லாத்துக்கும் முட்டி வெச்சிக் குடுங்க" என்றார். டெஸ்ட் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தனக்கென்று ஒரு யானையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஷெட்டுக்கு வெங்காயம் வரவில்லை. இரண்டு வாரத்தில் தொள்ளாயிரம் யானையையும் திருத்தி அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்ச் இல்லாமல் ஒரு சீட்டிலும் நான் முத்திரை குத்தியதில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இறக்கையில் கை வைக்கும் முன் ஸ்பிரிங்கை ஓயவிடுங்கள். காதை நம்பாதீர்கள், நேரத்தைக் குறியுங்கள். பீரோ மேல் இருப்பதை வெட்டும் முன் முதலாளியைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சோதனையையும் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். நாங்கள் பின்னால் வைத்தோம். அன்றைக்கு எங்கள் ஏழு பேரையும் சாய்த்தது யானையா, கருவாட்டுக் குழம்பா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியாது.